பப்பாசிக்குள் எத்தனை விதை?

ஏப்ரல் மாதம் திகனப் பக்கம் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி நடக்கிற மைதானத்துக்குப் போனால், ஒரு மேசையில் பப்பாசி ஒன்று உட்கார்ந்திருக்கும். வழுக்கு மரமும் தலையணைச் சண்டையும் இளசுகளுக்கு. முழங்கால் தேய்ந்த என் போன்றவர்களுக்கு இந்தப் பப்பாசி. உள்ளே எத்தனை விதை என்று ஒரு துண்டில் எழுதி, கீழே பெயரும் ரெலிபோன் நம்பரும் போட்டுப் பெட்டிக்குள் போட வேண்டும். பின்னேரம் எல்லார் முன்னாலும் பழத்தை வெட்டி, விதைகளை வாழையிலையில் கொட்டி, இரண்டு பொடியன்கள் பத்துப் பத்தாக ஒதுக்குவார்கள். கிட்டவாகச் சொன்னவருக்குப் பரிசு.

எனக்குப் பரிசைவிடப் பெட்டியில்தான் கண். போன முறை எல்லாம் முடிந்ததும் அந்தத் துண்டுகளைக் கேட்டேன். "குப்பைக்குப் போறதுதானே சேர், கொண்டு போங்க" என்று ஷொப்பிங் பேக்கில் அள்ளித் தந்தான், ஒரு காலத்தில் என்னிடம் கணிதம் படித்தவன். வாத்தியாருக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பான்.

வீட்டு மேசையில் பரப்பிப் பார்த்தால் அது ஒரு தனி உலகம். அதிகம் பேர் எழுதியது 500. அடுத்தது 1000. பூச்சியம் பூச்சியமாக முடிகிற எண்ணில் விதை வைத்துப் பப்பாசி காய்ப்பதில்லை; மனுசருக்குத்தான் அப்படிப்பட்ட எண் பிடிக்கும். ஒருவர் 786 என்று எழுதியிருந்தார், இன்னொருவர் 108. பழத்தைப் பார்த்து எழுதியதல்ல, பக்தியில் எழுதியது. ஆகாரம் என்று பாடப்புத்தகம் சொல்கிற அளவை, அதாவது ஒரு கூட்டத்தில் கூடுதலாகத் திரும்பத் திரும்ப வருகிற எண்ணை, இதைவிட நன்றாக எந்த வகுப்பிலும் நான் விளங்கப்படுத்தியதில்லை. அது பப்பாசியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எழுதினவர்களைப் பற்றி நிறையச் சொல்லும்.

இடையில் ஒரு மகானுபாவர் விதைக் கணக்கு எழுத வேண்டிய இடத்தில் தன் ரெலிபோன் நம்பரை எழுதிவிட்டார். பூச்சியம் ஏழில் தொடங்குகிற நம்பர். அதையும் சேர்த்துக் கூட்டி வகுத்தால், துண்டுகள் இருநூறு என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பப்பாசிக்குள் சராசரியாக முப்பத்தைந்து லட்சம் விதைக்குக் குறையாது! அதே துண்டுகளைச் சிறிசிலிருந்து பெரிசாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தேன். அந்த இடையத்துக்கு ரெலிபோன் நம்பர் வந்ததே தெரியவில்லை. வரிசையின் கடைசியில் அதுவும் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

இதே வேலையை என்னைவிடச் சீராகச் செய்த கிழவர் ஒருவர் இருந்தார், பிரான்சிஸ் கால்டன். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சி. கொழுத்த மாடு ஒன்றைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்த பிறகு எத்தனை இறாத்தல் நிற்கும் என்று கேட்டார்கள். துண்டு ஒன்று ஆறு பென்ஸ். போட்டி முடிந்ததும் கால்டன் துண்டுகளைக் கேட்டு வாங்கினார். (அங்கேயும் யாராவது ஒரு மாதிரிப் பார்த்திருப்பார்கள்.) வாசிக்க முடியாததைக் கழித்தால் மிச்சம் 787. நடுவில் இருந்த துண்டு 1207 என்றது. மாடு நின்றது 1198 இறாத்தல். 1907 மார்ச்சில் இதை 'நேச்சர்' இதழில் எழுதியபோது அவருக்கு வயது 85.

கால்டன் ஒன்றும் சனங்களின் தோழர் அல்ல. மனிதரைப் பிறப்பால் தரம் பிரித்து, நல்ல இனத்தை மட்டும் பெருக்க வேண்டும் என்று ஒரு துறையையே தொடங்கி வைத்தவர். அவரால் வந்த கேட்டுக்கு அளவில்லை. அப்படிப்பட்டவர், ஒரு சபை ஒரு தொகையைத் தீர்மானிக்க வேண்டுமென்றால் நடுவில் நிற்பவர் சொல்வதை எடுங்கள், சராசரி எடுத்தால் கிறுக்கனுக்கு அவன் கிறுக்கின் அளவுக்கு அதிகாரம் போய்விடும் என்று வாதாடினார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி.

கூத்து அதற்குப் பிறகுதான். சராசரி என்ன என்று ஒரு வாசகர் கேட்க, கால்டன் கூட்டி வகுத்துப் பார்த்தார். 1197. அவர் கொண்டாடிய இடையம் ஒன்பது இறாத்தல் தவறியது. ஓரத்தில் வைத்த சராசரி ஒரே ஒரு இறாத்தல்தான்! இதற்கான காரணமும் அவருடைய கட்டுரையிலேயே கிடக்கிறது என்பது என் எண்ணம். ஆறு பென்ஸ் கொடுத்தவன் விளையாட்டுக்கு எழுதமாட்டான். எழுதியவர்களில் இறைச்சிக்கடைக்காரரும் பண்ணைக்காரரும் இருந்தார்கள். காசு போட்டவர்கள் கூட்டத்தில் சராசரியை நம்பலாம். திகனவில் துண்டு இலவசம்.

நாட்டுக் கணக்கிலும் யாரோ ரெலிபோன் நம்பரை எழுதியிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் இலங்கைக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். இடையம் 53,333. பாதிக் குடும்பங்கள் அதற்கும் கீழே. தோட்டப்புறத்தில் சராசரியே 46,865தான். ரங்கல பக்கத்து லயத்தில் இருப்பவரிடம் போய் "உங்கள் வருமானம் எழுபத்தாறாயிரமாமே" என்று சொல்லிப் பாருங்கள், தேத்தண்ணிகூடக் கிடைக்காது.

சராசரியில் எங்கள் ஊர்க்காரர் ஏமாறாத இடமும் ஒன்று உண்டு. பக்கத்தில் பல்லேகலை மைதானம். கிரிக்கெட் என்றால் ஓட்டோக்காரரும் தசமதானம் பார்ப்பார். டொன் பிராட்மனின் டெஸ்ட் சராசரியான 99.94ஐ ஒருநாள் ஓட்டோ தரிப்பிடத்தில் எடுத்தேன். ஆட்டமிழக்காத பத்து இன்னிங்ஸை வகுக்கும்போது விட்டுவிடுகிறார்கள், 6996 ஓட்டத்தை எண்பதாலும் வகுத்தால் 87.45தான் என்றேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். "எண்பது இன்னிங்ஸில் அந்த மனுசன் கூடுதலான தரம் எடுத்த எண்ணிக்கை என்ன தெரியுமா? பூச்சியம். ஏழு தரம்" என்றதும், "சேர், ஏறுங்க, வீட்டில விடுறன்" என்றார் முன்னால் நின்றவர்.