ஜப்பானியச் சத்திரத்தில் இன்னொருவருக்கு இடமுண்டோ?

மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் குடியிருக்கிற நம் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வேலையினிமித்தம் ஜப்பானுக்குப் போவது இன்று அபூர்வமான காரியமல்ல. டோக்கியோ நகரின் கிழக்கே, எதொகாவா வட்டாரத்தைச் சேர்ந்த நிஷி-கசாய் என்னும் பகுதியில், 2000-ஆம் ஆண்டையொட்டிக் கம்ப்யூட்டர் பணிக்காக வந்த இந்தியர்கள் குடியேறத் தொடங்கினார்கள். இன்று அங்கே இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் உண்டு. ஆயினும் புதிதாய்ப் போகிறவர் முதல் சில வாரங்களைப் பெரும்பாலும் ஒரு விடுதி அறையிலேயே கழிக்கிறார். சனிக்கிழமை மாலையில் யோகோஹாமாவிலிருந்து பெரியப்பா மகன் பார்க்க வருகிறார். ஊர்ச் சமாச்சாரம் பேசிப் பேசி நள்ளிரவாகிவிடுகிறது. கடைசி ரயிலும் போய்விடுகிறது. “இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் அண்ணா” என்று சொல்வது நமக்கு மூச்சு விடுவதைப்போல் இயல்பானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் குடும்பமே உறங்கிக்கொண்டு, வந்த ஊழியருக்குக் கட்டிலையும் விட்டுக்கொடுக்கிறவர்கள் அல்லவா நாம்! ஆனால் ஜப்பானிய விடுதியில் அந்த வார்த்தையைச் சொல்லுமுன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, அங்கே நீங்கள் பணம் கொடுப்பது அறைக்கல்ல, ஆளுக்கே. நம் நாட்டு லாட்ஜில் அறை வாடகை என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் இருந்தாலும் மூன்று பேர் இருந்தாலும் கூடுதலாக ஒரு மெத்தைக்குக் கொஞ்சம் கேட்பார்கள், அவ்வளவுதான். ஜப்பானிலோ, பதிவு செய்யும்போதே எத்தனை பேர் என்பதுதான் முதற்கேள்வி. அதே இருவர் படுக்கை அறையை ஒருவர் எடுத்தால் ஒரு விலை, இருவர் எடுத்தால் வேறொரு விலை. ஆகவே ஒருவருக்கென்று எடுத்த அறையில் இரண்டாம் ஆளைச் சொல்லாமல் படுக்கவைப்பது, ஒரு டிக்கெட்டில் இருவர் பிரயாணம் செய்வதற்கு ஒப்பாகும்.

அறைக்குள் நுழைந்தாலே இது விளங்கும். வேலைநிமித்தம் வருகிறவர்கள் தங்கும் சாதாரண விடுதிகளில் ஒருவர் அறை பன்னிரண்டு சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். அதாவது ஏறக்குறைய 130 சதுர அடி. கட்டில் வைத்த அறைக்கு 9 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாதென்று 2018-இல் திருத்தப்பட்ட விதி சொல்லுகிறது. குளியலறை முழுவதும் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பெட்டியைப்போல் மூலையில் பொருத்தப்பட்டிருக்கும். சுவரோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தண்ணீர் காய்ச்சும் கெண்டி. கட்டிலின்மேல் மடித்து வைத்த இரவு உடை ஒன்று. ஒரு ஜோடி செருப்பு. பெரிய துண்டு ஒன்று, சிறிய துண்டு ஒன்று. எல்லாம் தலை எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த எண்ணிக்கை விடுதிக்காரரின் கணக்குப் புத்தகத்தோடு முடிகிறதில்லை. 1948-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஜப்பானிய விடுதிச் சட்டத்தின்படி, இராத்தங்குகிற ஒவ்வொருவருடைய பெயரும் தங்குவோர் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பெயர், விலாசம் இவற்றோடு முன்பு தொழிலையும் எழுதச் சொன்னார்கள். 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் தொழில் நீக்கப்பட்டு, தொடர்பு கொள்ளும் எண் முதலிய விவரம் சேர்க்கப்பட்டது. ஜப்பானில் விலாசம் இல்லாத வெளிநாட்டவர் தம் தேசத்தையும் பாஸ்போர்ட் எண்ணையும் கொடுக்க வேண்டும். 2005 முதல் பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்தும் வைத்துக்கொள்ளுகிறார்கள். பதிவேட்டை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். பொய்யான விவரம் கொடுப்பவருக்குக் குறுகிய காவலோ சிறு அபராதமோ உண்டென்று அதே சட்டம் கூறுகிறது. நம்மவர்களில் சிலர், “தம்பி பாத்ரூமில் ஒளிந்துகொள்வான், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?” என்று சிரித்துக்கொண்டே பேசுவதுண்டு. அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஏனெனில் பதிவேடு ஏன் வேண்டும் என்பதற்கு டோக்கியோவில் ஒரு கொடிய சாட்சி உண்டு. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி அதிகாலையில், அகாசாகா பகுதியிலிருந்த ஹோட்டல் நியூ ஜப்பான் என்னும் பெரிய விடுதியில் ஒன்பதாம் மாடி அறையில் தீப்பிடித்தது. படுக்கையில் புகைத்த சிகரெட்டே காரணம். நீர் தெளித்துத் தீ அணைக்கும் கருவிகள் தேவையான இடங்களில் பொருத்தப்படவில்லை. தீ மேல்மாடிகளில் மளமளவென்று பரவியது. 33 பேர் மாண்டார்கள். அவர்களில் வெளிநாட்டவர் அநேகர். விடுதி உரிமையாளர் பிற்பாடு நீதிமன்றத்தில் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டார். இப்படிப்பட்ட இரவில் தீயணைப்போர் கேட்கும் முதற்கேள்வி, எந்த அறையில் எத்தனை பேர் என்பதே. பதிவேட்டில் ஒருவர் என்று எழுதியிருந்தால், ஒருவர் வெளியே வந்தவுடன் அந்த அறை காலி என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் அன்பினால் தரையில் படுக்கவைத்த உங்கள் அண்ணனை யாரும் தேடமாட்டார்கள். நிலநடுக்கம் அடிக்கடி நேருகிற தேசம் அது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வரியும் தலைக்கணக்கே. டோக்கியோவில் 2002 முதலும் கியோட்டோவில் 2018 முதலும் தங்கும் வரி வாங்குகிறார்கள். வெந்நீர் ஊற்றுள்ள ஊர்களில் குளியல் வரி வேறு உண்டு. சாதாரண விடுதிகளில் தொகை பெரிதல்ல.

அப்படியானால் கடைசி ரயில் போய்விட்ட பெரியப்பா மகனை என்ன செய்வது? டோக்கியோவில் ரயில்கள் நள்ளிரவுக்கும் ஒரு மணிக்கும் இடையில் நின்று, அதிகாலை ஐந்து மணியளவில்தான் மறுபடி ஓடத் தொடங்கும். இரவு பத்துக்குமேல் டாக்சிக்கு இருபது சதவீதம் கூடுதல் கட்டணம். யோகோஹாமா வரை போனால் அந்தப் பணத்தில் இரண்டு நாள் தங்கிவிடலாம். வழி மிக எளியது: இருவருமாகக் கீழே இறங்கி வரவேற்பு மேசைக்குச் செல்லுங்கள். “ஹிதோரி ட்சுய்கா தெகிமாஸ் கா” என்று கேளுங்கள். ‘ஒருவரைச் சேர்க்கலாமா’ என்பது பொருள். உங்கள் அறை இருவருக்கு ஏற்றதாயிருந்து அதை நீங்கள் ஒருவராக எடுத்திருந்தால், பெரும்பாலும் வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு, பதிவுத் தாளை நீட்டி, இன்னொரு துண்டும் இரவு உடையும் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் அறையாயிருந்தால் அநேகமாக முடியாது. அறைக்கு இத்தனை பேர் என்று வரையறுத்திருப்பதால், பணம் கொடுத்தாலும் மறுப்பார்கள். அப்போது இருவர் அறைக்கு மாற இயலுமா என்றோ, அவருக்குத் தனியாக ஓர் அறை உண்டா என்றோ கேளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானியர் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லக் கூசுகிறவர்கள். தலையைச் சற்றே சாய்த்து, மூச்சை உள்ளிழுத்து, “சொட்டோ…” என்று இழுத்து நிறுத்தினால், அதுதான் மறுப்பு. நம் வழக்கப்படி கெஞ்சிப் பார்ப்பதும், ‘ஒரு ராத்திரிதானே’ என்று வற்புறுத்துவதும் அந்த ஊழியரைச் சங்கடப்படுத்துமேயன்றிக் காரியம் ஆகாது.

அறை கிடைக்காவிட்டால் கேப்சூல் விடுதி இருக்கிறது. 1979-இல் ஒசாகாவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் வடிவமைப்பில் தொடங்கிய ஏற்பாடு இது. ஆள் ஒருவர் படுக்கும் அளவே உள்ள அறைகளை ரயில் பெர்த்தைப்போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஆண்களுக்கு மட்டுமானவை அநேகம். இரு பாலாருக்கும் இடமளிப்பவை தளங்களைப் பிரித்து வைத்திருக்கும். நடுஇரவில் போனாலும் இடமிருந்தால் தருவார்கள். வாலிபருக்கு ஓரிரவுக்குப் போதும்; மூட்டுவலியுள்ள பெரியவர்களை அனுப்ப வேண்டாம்.

சற்று நேரம் பார்த்துப் போக வருகிறவர்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். அறைகளுக்குள் தங்குவோரைத் தவிர மற்றவர் வரலாகாது என்பதே பெரும்பாலான விடுதிகளின் ஒழுங்கு. லிஃப்ட்டில் அறைச் சாவி அட்டையை வைத்தால்தான் மேலே போகும் விடுதிகளும் உண்டு. சந்திப்பதற்கென்றே கீழே லாபி இருக்கிறது. பெரிய விடுதிகளில் லாபியை ஒட்டித் தேநீர்க் கூடமும் இருக்கும். ஜப்பானியர் தம் சொந்தக்காரரையும் அங்கேதான் சந்திக்கிறார்கள், இதில் அவமரியாதை ஏதுமில்லை. நாலைந்து சகோதரர் கூடி அறையில் ஜெபிக்கலாமே என்று நம் பிள்ளைகளுக்குத் தோன்றும். சுவர்கள் மெல்லியவை, நாம் ஜெபிக்கும் சத்தம் நமக்கே தெரியும். ரயில் நிலையங்களுக்கு அருகே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கூட்ட அறைகள் உண்டு. ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால் அது பாரமான செலவல்ல.

வீதியில் செல்கையில் ‘ஓய்வு’ என்றும் ‘இராத்தங்கல்’ என்றும் இரு விலைகளை வாசலில் எழுதிய விடுதிகளைக் காண்பீர்கள். மலிவாயிருக்கிறதே, இரண்டு மணி நேரம் களைப்பாறலாம் என்று குடும்பத்தோடு நுழைந்துவிடாதிருங்கள். அவை வேறு நோக்கத்துக்கானவை. பகலில் சில மணி நேரம் தங்க வேண்டுமானால், சாதாரண விடுதிகளிலேயே பகல் உபயோகத்துக்கென்று தனிக் கட்டணம் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. பெற்றோரின் கட்டிலிலேயே உறங்கும் சிறுபிள்ளைக்குப் பல விடுதிகள் கட்டணம் வாங்குவதில்லை. இதை ‘சொய்னே’ என்பார்கள். சில இடங்களில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள்வரை, சில இடங்களில் ஆரம்பப்பள்ளிப் பருவம்வரை. ஆனாலும் பிள்ளையின் பெயரையும் வயதையும் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். இலவசம் என்பதால் கணக்கில் இல்லையென்று ஆகாது. கட்டிலின் அகலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘செமி-டபுள்’ என்பது 120 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதில் கணவனும் மனைவியும் படுப்பதே கஷ்டம்.

ரியோகான் என்னும் பாரம்பரிய விடுதியில் இந்த எண்ணிக்கை இன்னும் கூர்மையானது. கோரைப்பாய் விரித்த அந்த அறை விசாலமாயிருப்பதால், ஆறு பேர் படுக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அங்கே விலை பெரும்பாலும் ஓரிரவும் இருவேளைப் போஜனமும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்பதாகும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் வந்து, மறுநாள் காலை பத்து மணிக்குள் புறப்பட வேண்டும். மாலையில் கொண்டுவரும் சிறு சிறு கிண்ணங்களில், மீன் துண்டு முதல் ஊறுகாய் வரை, ஒவ்வொன்றும் இத்தனை பேருக்கென்று காலையிலேயே வாங்கிச் சமைத்தவை. நாம் உண்டுகொண்டிருக்கையில், அல்லது குளிக்கச் சென்றிருக்கையில், பணியாளர் வந்து அலமாரியிலிருந்து மெத்தைகளை எடுத்து எண்ணி விரித்துப் போவார்கள். சொல்லாமல் வந்த ஒருவருக்கு அங்கே கிண்ணமும் இல்லை, மெத்தையும் இல்லை. நம் வீட்டைப்போல் குழம்பில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கும் வழி அந்தச் சமையலில் கிடையாது. பிள்ளைகளுக்கும் படிப்படியான கட்டணம்: பெரியவர்களைப்போன்ற உணவென்றால் எழுபது சதவீதம், குழந்தைகளுக்கான உணவென்றால் ஐம்பது, மெத்தை மாத்திரமென்றால் முப்பது என்பது பல ரியோகான்களின் வழக்கம். ஆகவே ஆள் கூடினாலும் குறைந்தாலும் சில நாட்களுக்கு முன்னமே அறிவித்துவிடுங்கள்.

குடும்பமாய்ப் போகிறவர்கள் இக்காலத்தில் வீடுகளையே வாடகைக்கு எடுக்கிறார்கள். 2018 ஜூன் 15 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்கீழ், பதிவு பெற்ற வீடுகளில் ஆண்டுக்கு 180 நாட்கள்வரை விருந்தினரைத் தங்கவைக்கலாம். அங்கே வரவேற்பு மேசை கிடையாது. கதவைத் திறக்கும் எண் கைப்பேசியில் வந்துவிடும். அதனால் யாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். அவ்வீட்டுக்காரரும் பதிவேடு வைக்கக் கடமைப்பட்டவரே. எனவே உங்களோடு தங்கப்போகிற எல்லாருடைய பெயரையும், இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் பாஸ்போர்ட் பிரதியையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.