ஈய எழுத்தின் தடம்

பழைய இதழ்களைச் சேர்ப்பவர்கள் முதலில் அட்டையைப் பார்ப்பார்கள். நான் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவுவேன். ஈய எழுத்து அழுந்திய தடம் இன்னும் கைக்குத் தட்டுப்பட்டால் மனம் நிறைந்துவிடும்.

அப்படி நான் அதிகம் தடவிப் பார்த்தது 'தி சைலன்ட் வொர்க்கர்'. அமெரிக்காவின் டிரென்டன் நகரில், நியூ ஜெர்சி காது கேளாதோர் பள்ளியிலிருந்து 1888இல் வேறு பெயரில் தொடங்கி 1929 வரை வந்த இதழ். அதன் அச்சு வேலையைச் செய்தவர்கள் அந்தப் பள்ளியின் மாணவர்கள்.

சிறுவயதில் எங்கள் தெரு அச்சுக்கூடத்து வாசலில் நான் நெடுநேரம் நிற்பதுண்டு. அச்சுக் கோப்பவர் எழுத்துப் பெட்டியின் அறைகளைப் பார்க்காமலே கைவிட்டு எழுத்தை எடுப்பார். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், புள்ளி வைத்த எழுத்து வேறிடம். கோத்த வரியை இடவலம் மாறிய நிலையிலேயே சரளமாக வாசிப்பார். ஒரு சொல்லை அவரைப் போல எழுத்தெழுத்தாகத் தொட்டு அறிந்தவர் யாருமில்லை என்று அன்றே தோன்றியது. மொழியைக் காதால் வாங்க முடியாத குழந்தைக்கு இதைவிட நல்ல இலக்கணப் பாடம் ஏது? காது கேளாதோர் பள்ளிகள் அச்சுத் தொழிலை விரும்பிக் கற்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிழைப்புக்கும் வழி பிறந்தது. அச்சுக் கோக்கும் லைனோடைப் இயந்திரங்கள் இரைந்த நாளிதழ்க் கூடங்களில் காது கேளாத தொழிலாளர்கள் பலர் நல்ல சம்பளத்தில் அமர்ந்தார்கள்.

இப்பள்ளிகளில் கற்பித்த ஆசிரியர்களுக்கென்று தனி இதழ் இருந்தது. ஹார்ட்ஃபோர்டில் 1847இல் தொடங்கிய 'அமெரிக்கன் ஆனல்ஸ்' அது. சைகையில் கற்பிப்பதா, உதட்டசைவைப் படித்துப் பேசப் பழக்குவதா என்ற நெடிய வழக்கு அதில் ஓடும். 1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு பேச்சு முறையே மேல் என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். அதன்பின் பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழி விரட்டப்பட்டது.

அந்த வழக்கில் குழந்தை வெறும் பொருள்தான். பள்ளி இதழிலோ அவனே ஆள். யார் பந்தாட்டத்தில் வென்றார்கள், பழைய மாணவருக்கு எங்கே வேலை கிடைத்தது, யாருக்குத் திருமணம் என்று அதில் வாழ்க்கை நடக்கிறது. பள்ளிகள் தங்கள் இதழ்களைத் தபாலில் பரிமாறிக்கொண்டன. 'சிறு பத்திரிகைக் குடும்பம்' என்றே அவற்றுக்குப் பெயர். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்கள் அந்தத் தாள்களின் வழியே ஒரு சமூகமானார்கள். ஆகவே, காது கேளாதோர் கல்வியின் வரலாற்றை எழுதுபவர் மாநாட்டுத் தீர்மானங்களுக்கு முன் இவற்றைப் படிக்க வேண்டும் என்பேன்.

நம் ஊரிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் ஃப்ளோரன்ஸ் ஸ்வைன்சன் இத்தகைய பள்ளியைத் தொடங்கினார். உங்கள் வீட்டுப் பரணில் இப்படியொரு பள்ளியின் மலரோ ஆண்டறிக்கையோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அந்தப் பள்ளிக்கோ நல்லதொரு நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.