ரிசால் விட்டுப்போன இரண்டு காகிதங்கள்

மணிலாவின் சான்டியாகோ கோட்டை. 1896 டிசம்பர் 29. மறுநாள் காலை சுட்டுக் கொல்லப்படவிருந்த ஒரு கைதியைக் கடைசியாகப் பார்க்க அவருடைய அம்மாவும் சகோதரிகளும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவின் கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வையைக் காப்பாற்றியவரே அந்தக் கைதிதான். பெயர் ஹோசே ரிசால். வயது 35.

சகோதரிகளுக்குக் கொடுக்க அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்பு இருந்தது. அதைக் காட்டி, காவலர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில், தங்கை திரினிதாதிடம் உள்ளே ஒன்று இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். வீட்டில் போய்ப் பார்த்தபோது அதற்குள் மடித்து வைத்த ஒரு காகிதம். பொடி எழுத்தில், ஸ்பானிய மொழியில், பதினான்கு பத்திகளில் ஒரு கவிதை. தலைப்பு இல்லை, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. பிலிப்பைன்ஸில் இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட அறிந்த கவிதை அது.

அந்தக் கோட்டையிலிருந்து வெளிவந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு காகிதம் இருக்கிறது. அதில் தேதி உண்டு. ரிசாலின் கையெழுத்து உண்டு. இரண்டு ராணுவ அதிகாரிகளின் சாட்சிக் கையெழுத்தும் உண்டு. ஆனால் நூறு வருடங்களுக்கு மேலாக பிலிப்பைன்ஸ் மக்கள் சண்டை போடுவது இந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

அதில் இருப்பது இதுதான்: நான் ஒரு கத்தோலிக்கன். திருச்சபையின் மகனுக்குப் பொருந்தாத வகையில் பேசியது, எழுதியது, வெளியிட்டது, நடந்துகொண்டது எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். ஃப்ரீமேசன் சங்கத்தையும் வெறுத்து ஒதுக்குகிறேன்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் ரிசால் என்ன எழுதியிருந்தார் என்று தெரிய வேண்டும். 1887-ல் பெர்லினில் 'நோலி மே தாங்கரே', 1891-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' என்று இரண்டு நாவல்களை வெளியிட்டார். ஸ்பானியத் துறவிகள் அந்த நாட்டு மக்களின் நிலத்தையும் மானத்தையும் எப்படிப் பிடுங்கினார்கள் என்பதை அந்த நாவல்கள் கதையாகச் சொல்லின. இரண்டாவது நாவலை, 1872-ல் அரசு கழுத்தை நெரித்துக் கொன்ற மூன்று பிலிப்பினோ பாதிரியார்களுக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார். அப்படிப்பட்டவர் சாவதற்கு முந்தின இரவு 'தப்பாக எழுதிவிட்டேன்' என்று சொன்னால்?

சொன்னார் என்பது இயேசு சபைப் பாதிரியார்களின் தரப்பு. ரிசால் சிறுவயதில் படித்ததே அவர்களுடைய அத்தேனியோ பள்ளியில்தான். மாணவனாக இருந்தபோது அவரே செதுக்கிய இயேசுவின் திரு இருதயச் சிலையைக்கூடச் சிறைக்கு எடுத்துவந்து கொடுத்தார்கள். பலகேர் என்ற பாதிரியார், இரவு முழுக்க வாதாடியதாகவும், முடிவில் ரிசால் மனம் மாறிக் கையெழுத்திட்டதாகவும் சொன்னார். விடிந்ததும் ரிசாலைப் பாகும்பாயன் மைதானத்துக்கு நடத்திப்போய்ச் சுட்டார்கள். வாபஸ் செய்தி பத்திரிகைகளில் வந்தது.

ஆனால் மூலக் காகிதத்தைக் குடும்பத்தின் கண்ணில் காட்டவே இல்லை. சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. மனம் திருந்திச் செத்த மகனின் கையெழுத்தைப் பெற்றவளிடம் காட்ட என்ன தயக்கம்? உடலையும் கொடுக்கவில்லை. பாக்கோ கல்லறையில் சவப்பெட்டிகூட இல்லாமல், பெயர் எழுதாமல் புதைத்தார்கள். அக்கா நர்சிஸா கல்லறை கல்லறையாகத் தேடி அலைந்து, காவலர்கள் நின்ற இடத்தில் புது மண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தார். தம்பியின் பெயரெழுத்துகளைத் தலைகீழாக்கி 'ஆர்.பி.ஜே.' என்று ஓர் அடையாளம் வைக்க ஏற்பாடு செய்தார். திருச்சபையோடு சமாதானமானவரை இப்படியா அடக்கம் செய்வார்கள் என்று கேட்பவர்கள் இன்றும் கேட்கிறார்கள். அதற்குப் பதிலும் உண்டு: புதைத்தது பயந்துபோன அரசாங்கம், திருச்சபை அல்ல.

'வாபஸ் வாங்கியிருந்தால் ஏன் சுட்டார்கள்?' என்றும் சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வியில் வலு இல்லை. அவர் மீதான குற்றச்சாட்டு ராஜத்துரோகம். பாதிரியார் மன்னித்தாலும் ராணுவம் மன்னிக்காது.

காணாமல் போன காகிதம் 38 வருடம் கழித்து, 1935 மே மாதம், மணிலா பேராயரின் ஆவணக் கட்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. சண்டை தீரும் என்று நினைத்திருப்பார்கள். இரட்டிப்பானது. பாதிரியார்கள் வைத்திருந்த பிரதிகளுக்கும் இதற்கும் ஓரிரு சொற்கள் பொருந்தவில்லை. ஓட்லி பேயர் போன்ற நிபுணர்கள் கையெழுத்து ரிசாலுடையதுதான் என்றார்கள். ரிக்கார்டோ பாஸ்குவல் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, போலி என்று ஒரு புத்தகமே எழுதினார். இதில் ஒரு வேடிக்கை. ஃப்ரீமேசன் சங்கத்தில் பெரிய பதவியில் இருந்த தியோதோரோ காலாவ், தன் சங்கத்தையே திட்டும் அந்தக் காகிதத்தை அசல் என்று ஒப்புக்கொண்டார்!

பின்னாளில் ஸ்பானிய அரசின் உளவுப் படை எழுதிவைத்த அறிக்கை ஒன்றும் வெளிவந்தது. அதிலும் ரிசால் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டதாகவே இருக்கிறது. ஆனால் இரவு முழுக்கக் கூடவே இருந்ததாகச் சொன்ன பலகேரின் பெயர் அதில் இல்லை.

சரி, கையெழுத்திட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஏன்? நரகத்துக்குப் பயந்தா? அவருடைய வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு அது ஒட்டாது. வேறொரு காரணம் இருந்தது. அவள் பெயர் ஜோசபின் பிராக்கன்.

ஹாங்காங்கில் பிறந்த ஐரிஷ் பெண். 1895-ல், பார்வை இழந்த வளர்ப்புத் தந்தைக்கு வைத்தியம் பார்க்க, ரிசால் நாடு கடத்தப்பட்டிருந்த தபிதான் ஊருக்கு வந்தாள். இருவரும் விரும்பினார்கள். கல்யாணம் செய்துவைக்க உள்ளூர் பாதிரியார் விதித்த நிபந்தனை, எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்க வேண்டும் என்பதே. ரிசால் மறுத்துவிட்டார். தாலி, மோதிரம், பதிவு எதுவும் இல்லாமல் அவர்களாகவே கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள். பிறந்த ஒரே குழந்தையும் தங்கவில்லை. கல்யாணமாகாமல் ஒரு வீட்டில் வாழ்ந்த பெண்ணை அந்தக் கால மணிலா எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரிசாலின் வீட்டாருக்கே முதலில் அவள்மீது சந்தேகம்தான்.

ஆக, கையெழுத்துப் போட்டால் அவள் மனைவி. போடாவிட்டால் அவளுக்குப் பெயரே இல்லை. தன் உயிருக்காகப் பணியாத ஒருவர், தனக்குப் பிறகு தனியாக நிற்கப்போகும் 20 வயதுப் பெண்ணுக்காகப் பணிந்திருக்கலாம். அப்படிப் பணிந்திருந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாவல்களை அந்தக் காகிதம் ஒன்றும் செய்துவிடவில்லை. திருச்சபையின் கடும் எதிர்ப்பையும் மீறி 1956-ல் ஒரு சட்டமே கொண்டுவந்து, அவற்றை மாணவர்கள் படிக்க வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் முடிவு செய்தது.

டிசம்பர் 30 விடியற்காலையில், சுடுவதற்குச் சற்று முன், கோட்டைக்குள் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்ததாகப் பலகேர் சொன்னார். அன்று ரிசால் ஜோசபினுக்குக் கொடுத்த ஒரு பக்தி நூலில் அவளை மனைவி என்றே அழைத்து எழுதியிருக்கிறது.

பிறகு அவள் புரட்சிக்காரர்களோடு கொஞ்ச காலம் இருந்தாள். ஹாங்காங் திரும்பி வேறொருவரை மணந்தாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1902-ல் காசநோயில் இறந்தபோது அவளுக்கு வயது 25. வாபஸ் காகிதம் கிடைத்த செய்தி அவள் காதுக்கு எட்ட வழியில்லை. அந்த விடியற்காலைக் கல்யாணத்தின் பதிவு மட்டும் இன்றுவரை எந்தக் கட்டிலிருந்தும் கிடைக்கவில்லை.