கல்லடிப் பாலத்தடியில் பாடியது மீன் இல்லை

போன வருசம் ஒரு பறுவ இரவில் மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் பதிந்து, கூட்டாளிமாருக்குள் சுற்றவிட்ட அந்த மீன்பாட்டைப் பாடியது மீன் இல்லை, என் சர்க்கிட் போட். மறுநாளே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

பாட்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிப்பதுதான் என் எண்ணம். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீற்றர் ஓடும். 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்தால், ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையில் அது மூன்று சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். ஆகவே தண்ணீருக்குள் ஒலி கேட்கும் மூன்று ஹைட்ரோபோனையும் ஒரே கணத்தில் வாசிக்க வேண்டும், அதற்கு எஃப்.பி.ஜி.ஏ., அதாவது உள்சுற்றை நாமே வடிவமைத்து ஏற்றும் சில்லு, தோதானது. நான் எடுத்தது ஜிங்க்-7000. ஒரே சில்லுக்குள் லினக்ஸ் ஓடும் புரொசெசரும் எஃப்.பி.ஜி.ஏ.யும் இருக்கும். மின்சாரம் போனால் எஃப்.பி.ஜி.ஏ. எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் வடிவமைப்பை ஏற்ற வேண்டும். அந்த வேலைக்கான ட்ரைவர் 2016 ஜனவரியில் வந்த 4.4 கேர்னலிலிருந்தே லினக்ஸில் இருக்கிறது. கேர்னலில் அதை இயக்கி, கோப்பை ஃபர்ம்வெயர் அடைவில் போட்டு, டிவைஸ் ட்ரீ ஓவர்லேயில் பெயரைக் குறித்து அதை ஏற்ற வேண்டும்.

நான் போட்டது தவறான கோப்பு. வடிவமைப்புக் கருவி தந்த '.பிட்' கோப்பின் பெயரை மட்டும் '.பின்' என்று மாற்றினேன். ட்ரைவர் கேட்பது ஒவ்வொரு நான்கு பைட்டிலும் வரிசை தலைகீழாக்கப்பட்ட கோப்பு; ஏஏ995566 என்ற ஒத்திசைவுச் சொல் அதில் 66, 55, 99, ஏஏ என்ற வரிசையில் இருக்க வேண்டும். அது இல்லையென்று ட்ரைவர் மறுத்துவிட்டது. காரணத்தைக் கேர்னல் லொக்கில் பச்சையாக எழுதியும் வைத்தது. நான் லொக்கைத் திறக்கவேயில்லை. திரை அசிங்கமாக இருக்கிறதென்று ஸ்கிரிப்டின் பிழைச்செய்திகளையும் முன்னரே அடைத்திருந்தேன்.

ஆனால் போட்டில், வடிவமைப்பு ஏறியிருப்பதைக் காட்டும் 'டன்' விளக்கு எரிந்தது. இந்த ட்ரைவர் பழைய வடிவமைப்பை அழிக்கும் முன்பே கோப்பைச் சோதிக்கும். கோப்பு பிழையென்றால் பூட்டாகும்போது ஏறியது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், விளக்கும் அணையாது. பூட்டில் ஏறியிருந்தது என் சோதனை வடிவமைப்பு: ஹைட்ரோபோனைத் தொடாமல் ஒரு சைன் அலையை மட்டும் அனுப்புவது.

அன்றிரவு தோணிக்கார அண்ணன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். "கேக்குதா அண்ணன்?" என்றேன். "கேக்குது தம்பி, நல்லாக் கேக்குது." பொடியன்கள் போனில் பதிந்தார்கள்.

பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்பில் தோணியில் போய் இந்த மீன்பாட்டைக் கேட்டதை 1859இல் அச்சான தன் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். ஈரவிரலால் வைன் கிளாஸின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலியை அவர் உவமை சொல்வார். அந்த உவமையை வைத்துக்கொண்டுதான் நான் புளகாங்கிதப்பட்டேன். ஒரே நீண்ட சுருதி இல்லை, தனித்தனியான எண்ணற்ற சிற்றொலிகள் என்றும் அவர் அங்கேயே சொல்லியிருக்கிறார். அதையும் வாசித்தவன்தான் நான்.

மறுநாள் மேசையில் வைத்து ஹைட்ரோபோன் வயர்களைக் கழற்றினேன். பாட்டு நிற்கவில்லை.

அன்றே ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம். அதற்குள் அண்ணனின் மகள் வெளிநாட்டிலிருந்து கேட்டு அழுதாளாம். அவளைச் சாட்டாக வைத்துக்கொண்டேன். உண்மையில் என் கெட்டித்தனம் போய்விடும் என்ற பயம்தான்.

பிறகு கோப்பைச் சரியாக மாற்றி ஏற்றி, மூன்று ஹைட்ரோபோனும் வேலை செய்ய, தனியாகப் போய்ப் பதிந்தேன். பாலத்தில் போகும் வாகனங்களின் உறுமல், நடுவே கடுகு வெடிப்பதுபோல் ஓயாத சடசடப்பு. வாவியில் நான் உண்மையாகப் பதிந்தது அது ஒன்றுதான். அதை இன்றுவரை ஒருவருக்கும் அனுப்பவில்லை.