பச்சை ஒயர்

ஸ்பீக்கர் மாட்டாமல் டியூப் ஆம்பை ஆன் செய்யாதே. என்னிடம் கிட்டார் கற்றுக்கொள்ள வருகிற பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். டிரான்சிஸ்டர் ஆம்பில் ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருந்தால் பெரும்பாலும் சத்தம் வராது, அத்தோடு போயிற்று. டியூப் ஆம்ப் அப்படியல்ல. அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மறுமுனையில் சுமை வேண்டும். சுமை இல்லாமல் ஓங்கி ஒரு கார்டு வாசித்தால், போக்கிடம் இல்லாத சக்தி திரும்பி வந்து ஆயிரம் வோல்ட்டைத் தாண்டி எகிறும். டியூப் சாக்கெட்டில் பொறி பறக்கும், டிரான்ஸ்ஃபார்மரின் உள்சுற்று கருகும். கேபினெட் 8 ஓம் என்றால் ஆம்பின் பின்பக்கத் திருகும் 8-இல் நிற்க வேண்டும். 16 ஓம் கேபினெட் இரண்டை இணையாக மாட்டினாலும் 8-தான். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடவே கூடாது, அதன் உள்கம்பி மெல்லியது, சூடேறி உருகலாம். தடித்த ஸ்பீக்கர் ஒயர்தான் போட வேண்டும். இதில் யாராவது தவறினால் கத்தியிருக்கிறேன்.

என் ஆம்ப் 50 வாட். பின்னால் இரண்டு ஈ.எல்.34. டியூப் மாற்றும்போதெல்லாம் பயாஸை, அதாவது வாசிக்காதபோதும் டியூபில் ஓடும் கரண்டின் அளவை, நானே வைப்பேன். ஒரு ஈ.எல்.34 தாங்கும் உச்சம் 25 வாட், அதில் எழுபது சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் டியூபுக்கு 39 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். கணக்குப் போட்டு, மீட்டரைப் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் பிளேட் சிவக்கிறதா என்றும் பார்ப்பேன். ஆம்பைத் திறந்தால் பிளக்கைப் பிடுங்கியது போதாது என்பதும் எனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்கள் 400 வோல்ட்டுக்கு மேல் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அப்போதும் இடது கை பின்னால் இருக்க வேண்டும். பழைய வால்வு ரேடியோ பழுது பார்த்த ஒரு பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். இவ்வளவையும் கடைப்பிடித்தவனும்தான். ஆனால் இந்த விதிகள் எல்லாம் ஒன்று ஆம்பைக் காக்கும், அல்லது என்னைக் காக்கும். பக்கத்தில் நிற்பவரைக் காக்கும் விதி ஒன்று உண்டு. அதைத் தெரிந்தே மீறினேன். மீறியதால் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. அந்தப் பழியை வேறொருவர் சுமந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்து, வெகுநாளாகத் தள்ளிப்போட்டேன்.

நம் மூன்று முனை பிளக்கில் மேலே இருக்கும் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். அதிலிருந்து வரும் பச்சை ஒயர் ஆம்பின் இரும்புச் சட்டத்தில் முறுக்கப்பட்டிருக்கும். கிட்டார் கேபிளின் மேலுறைக் கம்பி அதே சட்டத்தோடு சேர்கிறது. கிட்டாரின் தந்திகளோ அந்த மேலுறையோடு சேர்கின்றன. ஆக, தந்தியைத் தொடுபவர் ஆம்பின் சட்டத்தைத் தொடுகிறார். எங்காவது கரண்ட் வரும் ஃபேஸ் ஒயர் சட்டத்தில் பட்டுவிட்டால் பச்சை ஒயர் அத்தனை கரண்டையும் பூமிக்கு இழுத்துவிடும், மெயின் உடனே விழும், ஆம்ப் செத்துப்போகும், ஆள் பிழைப்பார். பச்சை ஒயர் இல்லையென்றால் ஆம்ப் எப்போதும்போல் பாடும். தந்தியில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

ஃபியூஸ் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் ஆம்பின் ஃபியூஸ் 2 ஆம்பியர். மார்பின் குறுக்கே அதில் இருபதில் ஒரு பங்கு, 100 மில்லி ஆம்பியர், ஓடினாலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம். ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

கதை தெரியாதவனும் அல்ல. 1972 மே 3-ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மேடையில் மைக்கைத் தொட்டு, கூட்டத்தின் கண்முன்னே இறந்தார். வயது 27. யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976-இல் தன் வீட்டிலேயே, சரியாக எர்த் செய்யாத கிட்டாரால் இறந்தார். இந்த இரண்டு பெயரையும் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நாட்களில் என் பிளக்கில் பச்சை ஒயர் இல்லை.

எப்படிக் கழன்றது என்றால், நான்தான் கழற்றினேன். வீட்டில் ஒரு பாட்டுக்கு கிட்டார் பதிவு செய்துகொண்டிருந்தேன். சிக்னலைப் பிரித்து ஒன்றை ஆம்புக்கும் இன்னொன்றைக் கம்ப்யூட்டரோடு இருந்த ரெக்கார்டிங் பெட்டிக்கும் கொடுத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு பிளக் பாயிண்ட். எர்த் இரண்டு வழியாகப் போனதில் ஒரு வளையம் உண்டாகி, அதில் கரண்ட் சுற்றி, உம்மென்று ஒரு இரைச்சல் பாட்டின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு நேர்மையான வழிகள் உண்டு. இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பார்க்கலாம். சிக்னல் போகும் வழியில் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டி.ஐ. பெட்டி போடலாம், அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. கடைக்குப் போகச் சோம்பல், அன்றே முடிக்க வேண்டும் என்ற அவசரம். பிளக் டாப்பைத் திறந்தேன். எர்த் முனையின் திருகைத் தளர்த்தி, பச்சை ஒயரை வெளியே இழுத்து, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, உள்ளேயே மடக்கி வைத்து மூடினேன். இரைச்சல் போயிற்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் அது ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் ரெக்கார்டிங் பெட்டிக்குப் போன கேபிளின் மேலுறை வழியாக ஆம்பின் சட்டம் எப்படியோ எர்த்தில்தான் இருந்தது. மேடையில் அந்தக் கேபிள் கிடையாது. அங்கே என் ஆம்ப் பூமியோடு எந்த உறவும் இல்லாமல் நின்றது. கச்சேரிக்குப் போகும் முன் மறுபடி மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பல கச்சேரிகள் வாசித்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். பிளக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஞாபகம் வந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பழைய மண்டபம், கசிவு கரண்ட் வந்தால் விழுகிற சுவிட்ச் எதுவும் அந்த மேடை லைனில் இல்லை. வேனில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் என் ஆம்புக்குள் பவர் ஒயர் நுழையும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் உடைந்து, ஃபேஸ் ஒயரின் தோல் இரும்பு விளிம்பில் உரசி அறுந்திருந்தது. எனக்கு அது தெரியாது. பச்சை ஒயர் இருந்திருந்தால் ஆன் செய்த நொடியில் மெயின் விழுந்து அதைத் தெரியவைத்திருக்கும். நான் ரப்பர் செருப்போடு, ஜமுக்காளம் விரித்த பலகை மேடையில் நின்றேன். அன்று நான் பாடவில்லை, அதுவரை மைக் என் பக்கமே வரவில்லை. மணிக்கணக்காக 230 வோல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுமே உணராமல் வாசித்தேன்.

ஒரு பாட்டு முடிந்ததும் எங்கள் குழுவில் பாடுகிற பெண், வலக்கையில் ஒயர் மைக்கோடு என் பக்கம் வந்தாள். அடுத்த பாட்டின் சுதியைப் பற்றி ஏதோ கேட்க வந்தவள், என் தந்திகள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்ததால், இடக்கைவிரல்களை அவற்றின்மேல் வைத்து அமர்த்தினாள். எப்போதும் செய்வதுதான். "அண்ணா" என்ற சொல் பாதியில் நின்றது. உடம்பு ஒருமுறை விறைத்துப் பின்னால் எறியப்பட்டது. பின்னால் எறிந்ததுதான் அவளைக் காப்பாற்றியது. 10 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே போனாலே கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. விரல்களால் பிடிக்காமல் மேலோட்டமாக வைத்திருந்தாள். இடது ஆள்காட்டி விரலில் தந்தியின் கோடு வெள்ளையாக வெந்திருந்தது.

மைக்கில் கரண்ட் அடிக்குது என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். மணப்பெண்ணின் தகப்பனார் மைக் செட்காரரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக, "என்னய்யா, கல்யாண வீட்ல சாவு விழ வைக்கப் பாக்குறியா" என்று கேட்டார். அந்த மனிதர் நடுங்கிப்போய் மிக்ஸரின் ஒயரை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "சார், உங்க பக்கம் ஏதும் இருக்குமா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றேன்.

அவர் மிக்ஸருக்கு எர்த் ஒழுங்காக இருந்தது. அதனால்தான் மைக்கின் உடம்பும் எர்த்தில் இருந்தது. அந்த மேடையில் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தவர் அவர் ஒருவர்தான். அன்று அவருக்குக் கூலி கொடுக்கவில்லை. அந்த மண்டபத்தில் அவரை இனிமேல் கூப்பிட மாட்டோம் என்று மேனேஜர் என் காதுபடச் சொன்னார். நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு வீட்டில் ஆம்பின் சட்டத்தில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. அதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவர் கேட்ட கணத்திலேயே தெரியும். பயத்தில் வாய் வரவில்லை என்றால்கூட மறுநாள் சொல்லியிருக்கலாம். குழுவில் பெயர் கெடும், ஆம்ப் பற்றி நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பவன் பிளக்கில் எர்த் இல்லாமல் வந்தான் என்று பேசுவார்கள், இதுதான் என் யோசனை. ஒருவரின் பிழைப்பைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

பாடகியிடம் பிறகு சொன்னேன். அவள் திட்டவில்லை. "மைக் செட்காரர்ட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தேடிப் போனபோது அவர் தொழிலை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார் என்றார்கள். என்னால்தான் விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னால் இல்லை என்று நானும் சொல்ல முடியாது.

கச்சேரி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடை ஏறும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் தந்தியிலும் இன்னொரு முனையைப் பாடுகிறவரின் மைக் வலையிலும் வையுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எர்த் முனைக்கும் ஆம்பின் சட்டத்துக்கும் நடுவே ஓம் பாருங்கள், ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றை உங்கள் எக்ஸ்டென்ஷன் பலகையிலேயே மாட்டி எடுத்துப் போங்கள். இரைச்சல் வந்தால் வரட்டும், எர்த்தைத் தொடாதீர்கள். யாருடைய பிளக்கிலாவது பச்சை ஒயர் இல்லையென்று தெரிந்தால், அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் வாசிக்க விடாதீர்கள். அந்த வரவேற்புக்கு வந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று கரண்ட் மைக்கில் வரவில்லை, என் கிட்டாரில் வந்தது என்று அந்த ஊரில் சொல்லுங்கள்.