சிங்காநல்லூர்க் குறிப்புகள்

தை 5, ஞாயிறு

விடியற்காலையில் குளக்கரையில் உலாவினேன். நொய்யல் ஆற்று நீரை ஏற்று, ஏறக்குறைய 288 ஏக்கர் விரிந்து கிடக்கும் இக்குளமே சிங்காநல்லூரின் பூர்வ சொத்து. இதன் பாசனத்தை நம்பி வயல்கள் இருந்த இடங்களில் இன்று வீதிகள் இருக்கின்றன. நகரத்துச் சாக்கடை நீரும் இதிலேயே வந்து சேர்கிறது. 2017-ஆம் ஆண்டு கோவை மாநகராட்சி இதனை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது உத்தமமான காரியம். எனினும், அறிவிப்பினால் மட்டும் நீர் சுத்தமாகிவிடாது. நீர்க்காகங்கள் இன்னமும் இக்குளத்தைக் கைவிடவில்லை என்பது ஆறுதல்.

தை 8, புதன்

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டுப் பெரியவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். “மில்லுச் சங்கு ஊதுனாத்தானுங்க தம்பி எங்கூட்டுல அடுப்பே பத்தும்; கடியாரமெல்லாம் அப்புறம் வந்ததுங்க” என்றார். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் தொடங்கிய பஞ்சாலைத் தொழில், 1930-களில் நீலகிரியின் பைகாராவிலிருந்து மலிவான மின்சாரம் வந்து சேர்ந்ததும் திருச்சி சாலை நெடுகிலும் பெருகிற்று. சுற்றுவட்டாரத்துக் குடியானவர் பிள்ளைகள் ஏர்க்காலை விட்டுக் கதிர் இயந்திரத்தின் முன் நிற்கலாயினர். அவர்கள் குடியிருக்க லைன் வீடுகளும், அவற்றைச் சார்ந்து கடைகளும் பள்ளிகளும் தோன்ற, கிராமம் நகராட்சியாக வளர்ந்தது. 1981-இல் கோயம்புத்தூர் மாநகராட்சியானபோது சிங்காநல்லூர் நகராட்சி அதில் ஐக்கியமாயிற்று. பின்னர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு எழுந்தது. மதுரைக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறுமிடம் என்றே வெளியூரார் எங்களை அறியலாயினர். ஒண்டிப்புதூர்ப் பக்கத்துக் கம்போடியா மில்லோ, 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் நின்றது நின்றதுதான். அதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தழுதழுத்தது.

தை 14, செவ்வாய்

இன்று முழுவதும் சென்ட்ரல் ஸ்டூடியோவைப் பற்றிய நினைவாகவே இருந்தது. சென்னைக்குப் போகாமலே தமிழ்ப் படம் எடுக்கலாம் என்னும் துணிவோடு கோவைத் தொழிலதிபர்கள் 1930-களில் நிறுவிய அந்த ஸ்தாபனம் இதே திருச்சி சாலையில்தான் இருந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கே தயாரித்து 1947-இல் வெளியிட்ட ‘ராஜகுமாரி’யில்தான் எம்.ஜி.ஆர். முதன்முறையாகக் கதாநாயகராக நடித்தார். அதற்கு வசனம் எழுதிய இளைஞர் மு. கருணாநிதி அந்நாளில் சிங்காநல்லூரிலேயே வாடகைக்குக் குடியிருந்தார். பிற்காலத்தில் தமிழகத்தை ஆண்ட இருவரின் திரைவாழ்வு எங்கள் ஊரில் அரும்பியது என்பதை இங்கே குடியேறும் புதியவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? லண்டன் நகரில், பெயர்பெற்றோர் வாழ்ந்த வீடுகளின் சுவர்களில் நினைவுப் பலகை பதிக்கும் வழக்கம் 1867-இலேயே தொடங்கிவிட்டது. அங்கே சாதாரணத் தெருவிற்கும் அதனால் ஒரு சரித்திர கௌரவம் வாய்த்திருக்கிறது. நம் தெருக்களுக்கு அதில் பாத்தியதை இல்லையா என்ன? நினைவுப் பலகைக்குச் செலவு அதிகமில்லை, அக்கறைதான் வேண்டும்.

ஆகவே சிங்காநல்லூர்வாசிகளை வேண்டிக்கொள்கிறேன்: வீட்டில் மில் சம்பளச் சீட்டோ, ஸ்டூடியோப் புகைப்படமோ, நகராட்சிக் காலத்து வரி ரசீதோ இருந்தால் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மில்லில் உழைத்த மூத்தவர்கள் சொல்வதை அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.