இறங்குவதற்கும் நாள் குறியுங்கள்

எழுமலை, சாப்டூர், பேரையூர் வட்டாரத்துக்கு மலை புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் குடியிருக்கும் ஊர்கள் இவை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி ஏறிச் சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டு இறங்குவது பல குடும்பங்களில் தலைமுறைப் பழக்கம். அந்தப் பழக்கம் இப்போது வடக்கே நீண்டிருக்கிறது. கேதார்நாத், அமர்நாத், முக்திநாத் என்று பெரியவர்கள் குழுவாகக் கிளம்புகிறார்கள். இளைஞர்கள் உத்தரகண்டிலும் இமாசலத்திலும் பனியில் நடக்கும் மலையேற்றங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். கொண்டுபோகும் மூட்டையில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, தைலம், புளியோதரைப் பொடி எல்லாம் இருக்கும். இரண்டு மட்டும் இருக்காது. கையிருப்பாக ஒன்றிரண்டு நாட்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே எடுத்த முடிவு. பனிமலையில் உயிரைக் காப்பவற்றில் இந்த இரண்டுக்கும்தான் முதலிடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடுப்பும் பூட்ஸும் அவசியம்தான், ஆனால் அவை அடுத்த வரிசையில் வருபவை.

மதுரை கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர்கூட உயரமில்லாத ஊர். நமக்குப் பழக்கமான பெரிய மலை என்றால் கொடைக்கானல். அதுவே ஏறத்தாழ 2,100 மீட்டர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால், நம் பக்கத்து மலைகளில் எத்தனை வருடம் ஏறியவருக்கும் அது அறிமுகமாகியிருக்காது. கேதார்நாத் கோயில் 3,580 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சை வேகப்படுத்தும், நாளாக ஆக ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும். அதற்கு நாட்கள் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஓர் இரவு படுக்கும் இடத்துக்கும் மறு இரவு படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மேலே ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நம் யாத்திரைத் திட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரவு ஹரித்வாரில், 300 மீட்டரில். அடுத்த இரவு சோன்பிரயாகைப் பக்கம், 1,800 மீட்டரில். மூன்றாம் இரவு கேதாரத்தில். ஒரே பகலில் 1,700 மீட்டருக்கு மேல் உடலைத் தூக்கிவிடுகிறோம். ஹெலிகாப்டரில் போகிறவர் அதையே சில நிமிடங்களில் செய்துவிடுகிறார்.

உயரத்தால் வரும் நோயின் முதல் அறிகுறி தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கமின்மை. இவை அடையாளம் தெரியாமல் போவதற்குக் காரணம், நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருப்பதுதான். தலைவலி என்றால் பஸ்ஸில் வந்த அலுப்பு. குமட்டல் என்றால் பித்தம், அல்லது வடக்கத்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. நெற்றியில் தைலம் தேய்த்து, ஒரு மாத்திரை போட்டு, விடியற்காலையில் மறுபடி ஏற ஆரம்பித்துவிடுவார்கள். உயரத்தில் வரும் தலைவலியை உயரத்தின் தலைவலி என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது தீரும்வரை மேலே ஒரு அடியும் வைக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலோடு நுரைச்சளி வந்தால், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூளை வீங்கத் தொடங்கினால் நடை தள்ளாடும். தரையில் நேர்கோடு ஒன்றைக் கிழித்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் பெருவிரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். கோட்டை விட்டு விலகினால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது, துணைக்கு ஆள் வைத்து உடனே கீழே இறக்க வேண்டும். டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அது உடல் பழகுவதற்குக் கைகொடுக்கும், முற்றிய நோய்க்கு இறங்குவதுதான் மருந்து. வாலிபம் இதற்குக் கவசம் ஆகாது. ஜிம் உடம்புக்காரர் வேகமாக ஏறுவதாலேயே முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

உடம்பு ஒத்துழைத்தாலும் வானம் ஒத்துழைக்க வேண்டும். 2024 ஜூன் தொடக்கத்தில் கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் கொண்ட குழு ஒன்று உத்தரகண்டின் சஹஸ்ர தால் ஏரிப் பாதையில், 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள்; 13 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலர் மலையேற்றத்துக்குப் புதியவர்கள் அல்லர். பருவமும் குளிர்காலம் அல்ல. மேலே போய்ச் சேர்ந்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் புயல் பிடித்தது. 1996 ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரையில் பருவம் தப்பிய பனிப்பொழிவில் இறந்தவர்கள் 240 பேருக்கு மேல். அதன்பின் அமைக்கப்பட்ட நிதிஷ் சென்குப்தா குழு யாத்திரிகர் எண்ணிக்கைக்கும் உடல்தகுதிக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்றது. இன்றைக்கு மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் அமர்நாத் போக முடியாது. இரண்டு நிகழ்ச்சிகளும் கோடையிலும் மழைக்காலத்திலும் நடந்தவை. ‘இது பனிக்காலம் இல்லையே’ என்ற பேச்சு அந்த உயரத்தில் செல்லாது.

குளிர் கொல்லும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்தி பனியன், நின்றவுடன் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். மேலே எவ்வளவு தடித்த ஸ்வெட்டர் போட்டாலும் உள்ளே ஈரம் இருந்தால் பயனில்லை. கம்பளியோ செயற்கை இழையோ உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி ஒன்று வேண்டும். பையில் பிளாஸ்டிக் உறையில் கட்டிய காய்ந்த மாற்றுடை வேண்டும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம், பிறகு நாக்குக் குழறல். நடுக்கம் தானாக நின்றுபோனால் ‘பழகிவிட்டது’ என்று நினைக்காதீர்கள். சூடு உண்டாக்கும் சக்தி உடம்பில் தீர்ந்துபோயிற்று என்பதே அதன் அர்த்தம். வெயிலும் பகைதான். புதுப் பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி வீசும் என்பதால், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தாலே கண் வெந்துவிடும். உச்சி வெயிலில் பனி இளகிக் கால் புதையும், ஓடைகளில் நீர் ஏறும், சரிவுகள் நழுவும். அதனால்தான் அங்குள்ளவர்கள் இருட்டிலேயே கிளம்பி, மதியத்துக்குள் முகாம் சேரப் பார்க்கிறார்கள். திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு பணமும் லீவும். பத்து நாள் லீவு, கடன் வாங்கிக் கட்டிய பணம், இதில் இரண்டு நாளைச் சும்மா இருப்பதற்கு யார் ஒதுக்குவது? நியாயமான கேள்வி, கூலிக்காரருக்கும் சிறு கடைக்காரருக்கும் இன்னும் கனமான கேள்வி. அப்படியானால் நான்கு தலங்களை இரண்டாகக் குறைக்க வேண்டும். நாட்களைச் சுருக்கி இடங்களைக் கூட்டுவதைத்தான் டிராவல்ஸ்காரர்கள் மலிவு என்று விற்கிறார்கள். அந்த மலிவுக்கான விலையை யாத்திரிகரின் நுரையீரல் கொடுக்கிறது.

‘சதுரகிரி ஏறுகிற எங்களுக்கு மலையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்’ என்பது அடுத்த மறுப்பு. அந்த அனுபவம் மெய்யானது. கால் பலமும் மன உறுதியும் அதில்தான் வருகின்றன. ஆனால் சதுரகிரியில் நமக்காக முடிவெடுக்க ஒருவர் இருக்கிறார். தாணிப்பாறை அடிவாரத்தில் வனத்துறை கேட் இருக்கிறது. குறித்த நேரத்துக்குப் பிறகு மேலே விடமாட்டார்கள். மழை பெய்தால் பிரதோஷமே ஆனாலும் விடமாட்டார்கள். 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கண்டிப்பின் காரணம் தெரியும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தபின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்றே விதிகள் வகுத்தது. இமயத்தின் பனிப்பாதைகளில் பல இடங்களில் அப்படியொரு கேட் கிடையாது. அங்கே அதைக் குழுவே தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்: பகல் 12 மணிக்குள் கணவாய் வராவிட்டால் திரும்புவது, ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் கூடவே இறங்குவது. இதை அடிவாரத்தில், தலை தெளிவாக இருக்கும்போது பேசி முடித்துவிட வேண்டும். ஆக்சிஜன் குறைந்த மூளை நல்ல முடிவு எடுக்காது. உச்சி கண்ணில் பட்டபின் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

மூன்றாவது மறுப்பு பக்தியிலிருந்து வருவது. அதை நான் மதித்தே பேச விரும்புகிறேன். சாமி கூப்பிட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்பார்கள்; கயிலை காணாமல் திரும்பமாட்டேன் என்று கால் தேய, கை தேய, உடம்பால் புரண்டு போன அப்பரைச் சான்று காட்டுவார்கள். பெரியபுராணம் சொல்லும் கதை அதோடு நிற்கவில்லை. திரும்பிப் போ என்று சொன்னது சிவனே. பொய்கையில் மூழ்கச் சொன்னார், அப்பர் எழுந்தது திருவையாற்றில், கயிலைக் காட்சி கிடைத்ததும் அங்கேதான். பாதி வழியில் திரும்பியவருக்குத் தரிசனம் குறைந்துவிடவில்லை என்று சைவ மரபே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, மூச்சு வாங்கும் அறுபது வயது அம்மாவிடம் ‘இவ்வளவு தூரம் வந்துட்டு பாக்காமப் போறதா’ என்று கேட்பது என்ன பக்தி?

கைடு இருக்கிறாரே என்பார்கள். நல்ல கைடு பெரிய பலம். ஆனால் இருபது பேருக்கு ஒருவர் இருந்து, ஒருவர் நோய்ப்பட்டால், அவர் நோயாளியோடு இறங்குவாரா, மற்ற பத்தொன்பது பேரோடு ஏறுவாரா? முன்பணம் கட்டும் முன்பே இதைக் கேளுங்கள். மழையோ பனியோ வந்தால் தங்குவதற்குத் திட்டத்தில் கூடுதல் நாள் உண்டா, ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாமில் இருக்கும், போன் சிக்னல் இல்லாத இடத்தில் உதவிக்கு எப்படித் தகவல் போகும், நாங்கள் பாதியில் இறங்கினால் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். திட்டத்தின் பிரதி ஒன்றை, எந்தத் தேதிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற குறிப்போடு, வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். ‘அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். அடுத்த வருடமும் பாதை திறக்கும்.